பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை தையல் மெஷினுக்கும் பெட்டிக்கடைக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும்தான். கடந்த மூன்று ஆண்டுகளில் இவற்றுக்கிடையே படகு வாங்கவென்றும் நான்கு மனுக்கள் வந்தன. நான்குமே பழைய மரப்படகுகள், பாய் விரித்து ஓட்டுபவை. மேற்கொண்டு இரண்டு பேர் விசாரித்துப் போயிருக்கிறார்கள். எனவே இந்த இதழில் அதைப் பற்றியே விளக்கமாக எழுதலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவாயிற்று.

எழுதக் காரணமாக இருந்தது முதல் மனுவில் நாங்கள் ஏமாந்த கதைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் சகோதரர் 40,000 ரூபாய் கேட்டார். படகை மாலை நேரத்தில் இரண்டு பேர் போய்ப் பார்த்தோம். புதிதாகத் தார் பூசி, பக்கங்களில் பச்சையும் வெள்ளையும் வர்ணம் அடித்து, பார்க்க மணப்பெண்போல இருந்தது. குழுவில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்றாவது மாதம், கரையிலிருந்து சற்றுத் தொலைவில், அடிப்பலகை ஒன்று ஆணியை விட்டுப் பெயர்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஆழமில்லாத கடல் என்பதால் அல்லாஹ்வின் உதவியால் அண்ணன் தம்பி இருவரும் நடந்தும் நீந்தியும் கரை சேர்ந்தார்கள். தாரைச் சுரண்டிப் பார்த்தபோது உள்ளே மரம் நனைந்த ரஸ்க்போல இருந்தது. படகை உடைத்து விறகாகத்தான் விற்க முடிந்தது. கடனுக்கு மேல் போட்ட பணத்துக்காக அவருடைய மனைவியின் நகை அடகில் போயிருந்தது. எங்களுக்கு மனம் வராததால் மீதிக் கடனைக் கேட்கவில்லை. அதனால் வரிசையில் இருந்த வேறொரு குடும்பம் ஆறு மாதம் காத்திருக்க நேர்ந்தது. விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம். பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகுமானதல்ல என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டு, பிறகு விற்றவரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. அன்று கண்ணை மூடியிருந்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது மனு வந்தபோது, போய்ப் பார்த்து வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குக் கடல் தெரியாது. ஓதிய கிதாபுகளிலும் படித்த பி.காமிலும் படகு வரவில்லை. ஆனால் வாப்பாவின் மரக்கடையில் பத்து வருடம் உட்கார்ந்திருந்ததால் மரம் ஓரளவு தெரியும். கூடவே, இந்தக் கரையில் ஐம்பது வருடமாகப் படகு கட்டும் ஓடாவி ஒருவரை அழைத்துப் போனேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் சொல்லித் தந்ததே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில், எந்திரப் படகு இருக்கும் காலத்தில் பாய்ப்படகு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ளது. கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும். அங்கே நண்டு வலையும் இறால் வலையும் விட, தட்டையான அடியுள்ள வத்தை போதும். டீசல் செலவு இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது, எந்திரம் பூட்டாத நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை பொருந்துவதில்லை. பிறர் படகில் பங்குக்குப் போகும் ஒருவர் சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால், இருப்பதில் எளிய படி இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டதால் மரப்படகுகளைத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம். அதனால் விலை குறைந்திருக்கிறது. ஏமாறுவதற்கான வாய்ப்பும் கூடியிருக்கிறது.

நம் வத்தைகள் ஒன்றும் சாதாரணப் பொருளல்ல. சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதினார். பாக் நீரிணைப் படகுகளும், அவற்றில் காற்றடிக்கும் பக்கம் நீட்டி ஆட்கள் ஏறி உட்காரும் சமன் பலகையும் அதில் இடம்பெற்றிருக்கின்றன. வெளிநாடுகளில் பொழுதுபோக்குக்குப் பாய் விரித்து ஓட்டும் சின்னப் படகை டிங்கி என்கிறார்கள். அந்தச் சொல்லே வங்காளத்திலும் இந்தியிலும் சிறு படகுக்கு இருந்த பெயர். நம் பக்கத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது. அங்கேயும் பழைய டிங்கியை வாங்கி வீட்டு முற்றத்தில் வைத்துப் பழுதுபார்ப்பவர்கள் ஏராளம். மரத்தின் நோயும் மருந்தும் இங்கும் அங்கும் ஒன்றுதான்.

இனி பார்க்க வேண்டியவை. காலையில் போங்கள், வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் கரையில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுப்பவரிடம் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். கையில் ஒரு குத்தூசி, சின்னச் சுத்தியல், டார்ச் விளக்கு, முப்பது அடி நூல் ஆகியவை போதும்.

ஓடாவி முதலில் செய்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. படகைத் தொடவே இல்லை. பத்தடி தள்ளி முன்னால் நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு பின்னால் போய் நின்று அதேபோலப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா, ஒருபக்கம் வீங்கியோ முறுக்கியோ இருக்கிறதா என்று பார்ப்பதாம். அடுத்து நூலை எடுத்து, படகின் முதுகெலும்பான ஏராக்கட்டையின் அடியில் அணியத்திலிருந்து பின்கடை வரை இழுத்துப் பிடித்தோம். புதுப் படகின் ஏரா எப்படி வளைந்திருக்கும் என்பது கட்டியவருக்குத் தெரியும். வயதான படகில் நடுப்பகுதி மேலே எழும்பி, இரண்டு முனையும் தொங்கிப்போயிருக்கும். முனைகளைத் தாங்க ஆளில்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் இப்படி ஆகும். இது பலகை மாற்றிச் சரிசெய்யக்கூடிய நோயல்ல. அத்தகைய படகை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகுதான் குத்தூசி. இங்கே பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மரப்படகைக் கடல்தண்ணீர்தான் அழுகவைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. அதற்கு வேண்டியது மழைத்தண்ணீரும் காற்றோட்டமில்லாத மூலையும்தான். ஆகவே தினமும் கடலுக்குப் போய்வரும் படகைவிட, இரண்டு மழைக்காலம் தோப்பில் மல்லாந்து கிடந்து உள்ளே மழைநீரும் சருகும் தேங்கிய படகு மோசமாகக் கெட்டிருக்கும். விற்பவர் "இரண்டு வருஷமா கடலுக்கே விடல, புதுசு மாதிரி வச்சிருக்கேன்" என்று சொன்னால் அது சிபாரிசு அல்ல, எச்சரிக்கை.

மழைநீர் எங்கே தங்கும் என்று யோசித்தால் எங்கே குத்திப் பார்ப்பது என்பது தானே விளங்கிவிடும். அணியத்தின் உள்மூலை, உட்காரும் குறுக்குப் பலகையின் முனைகள், பின்பக்கம் சுக்கான் பூட்டும் இடம், பாய்மரம் நிற்கும் குழி, வங்குகளின் அடிநுனி ஆகியவை முக்கியம். வங்கு என்பது படகின் விலா எலும்பு. ஏராவை ஒட்டி ஓடும் முதல் பலகையை இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கும் விரலிடை விரலிடையாகச் சோதிக்க வேண்டும். முதல் மனுவில் எங்களைக் கவிழ்த்தது அந்தப் பலகைதான். நல்ல மரத்தில் குத்தூசி நுனி மட்டுமே இறங்கும், பிடுங்கும்போது கையை இழுக்கும். கெட்ட மரத்தில் வெண்ணெயில் போவதுபோலப் போகும். சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் 'டணக்' என்று பேசும், உளுத்தது 'தொப்' என்று வாயடைத்துப் போகும். தார் பூசியிருந்தால் விற்பவரின் அனுமதியோடு நாலைந்து இடத்தில் உள்ளங்கை அளவு சுரண்டிப் பாருங்கள். நேர்மையாக விற்பவர் அனுமதிப்பார்.

கப்பல்புழு வேறு வகை. புழு என்று பெயர் இருந்தாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசி முனையளவு துளையில் குஞ்சாக நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, விரல் தடிமனுக்குச் சுரங்கம் வெட்டும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுதாகத் தெரியும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஊசித்துளைகள் கூட்டமாகத் தெரிந்தால் அந்தப் பலகை போனதாகவே கணக்கிடுங்கள். இது எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகைத்தான் பிடிக்கும். அவ்வப்போது கரையேற்றிக் காயவைப்பதும், அடியில் ஓலைத்தீ காட்டுவதும் பெரியவர்கள் காரணத்தோடு செய்தவை.

மூன்றாவது, ஆணி. பலகையில் துரு வடிந்த கோடுகள் தெரிந்தால், அந்த ஆணி உள்ளே மெலிந்திருக்கிறது என்று பொருள். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து மெத்தென்று இருந்தால், புது ஆணி அடித்தாலும் பிடிக்காது. ஒன்றிரண்டு இடத்தில் இருந்தால் பக்கத்தில் புதுத்துளை போட்டு அடிக்கலாம். படகு முழுக்க அப்படியென்றால் மரம் நன்றாக இருந்தும் பயனில்லை. பழுதுபார்க்கும்போது இன்னொரு தவறும் நடக்கிறது. இரும்பாணி உள்ள படகில், நல்லதாயிற்றே என்று நடுவே செம்பு ஆணி அடிக்கிறார்கள். உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகம் பக்கத்தில் இருந்தால் அது பேட்டரிபோல வேலை செய்து, செம்பு இரும்பைத் தின்றுவிடும். எந்த ஆணியில் கட்டிய படகோ அதே ஆணியால்தான் பழுதுபார்க்க வேண்டும். இரும்பென்றால் துத்தநாக முலாம் நன்றாக ஏறிய ஆணியாக வாங்குங்கள்.

பாய், கயிறு, வர்ணம் ஆகியவற்றை நான் கடைசியில்தான் பார்க்கச் சொல்வேன். வாங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இவைதான். ஆனால் விலையில் இவை சின்னப் பங்கு, மாற்றுவதும் சுலபம். உடம்பு நன்றாக இருந்து பாய் கிழிந்திருக்கும் படகைத் தயங்காமல் வாங்கலாம். புதுப்பாய் கட்டிய உளுத்த படகை வாங்கக் கூடாது. வர்ணம் உரிந்த படகில் குறை கண்ணுக்குத் தெரியும், அது நமக்கு லாபம்.

நாங்கள் பார்க்கப் போன வத்தை 19 அடி. வர்ணம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. தம்பியின் முகம் வாடிவிட்டது. ஓடாவி ஒரு மணி நேரம் குத்தியும் தட்டியும் பார்த்துவிட்டு, ஏரா சரி, அணியம் சரி, மூன்று வங்கு போய்விட்டது, வலப்பக்கம் இரண்டு பலகை பாதி நீளம் போய்விட்டது, பாய் எதற்கும் உதவாது என்றார். கேட்ட விலை 38,000. குறைகளை ஒவ்வொன்றாக விற்பவரிடமே காட்டினோம். அவர் நல்ல மனிதர், தனக்கே தெரியாத ஒரு வங்கைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். 27,000-க்கு முடிந்தது. முன்பணம் கொடுக்கும் முன் தாள்களையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மீன்பிடிப் படகுகளை மீன்துறையில் பதிய வேண்டும். பதிவு யார் பெயரில் இருக்கிறது, பெயர்மாற்றத்துக்கு அவர் கையெழுத்துப் போடுவாரா, படகின் பேரில் சங்கத்திலோ வேறெங்குமோ பாக்கி இருக்கிறதா என்று கேட்டு, எழுதி, இரண்டு சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று எழுதாமல் விடாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்கு இடப்பட்ட கட்டளை.

பழுதுபார்ப்பதற்கு முதலில் வேண்டியது நிழல். வெட்டவெளியில் படகை ஏற்றி வைத்து வேலை செய்தால், வேலை முடிவதற்குள் பலகைகள் காய்ந்து சுருங்கி வெடித்துவிடும். கீற்றுப் பந்தல் போட்டு, ஏராவுக்கு அடியில் மூன்று நான்கு இடத்தில் சமமாக முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் மண், செதில், பழைய தார் எல்லாவற்றையும் சுரண்டி வெளியேற்றுங்கள். இதற்கு ஓடாவிக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. தம்பியும் அவருடைய வாப்பாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் எட்டு நாளில் சுரண்டி முடித்தார்கள். செலவைக் குறைக்கும் வழி இதுதான்: உடம்பு உழைப்பால் முடிவதை வீட்டார் செய்துகொள்வது, கைத்திறன் வேண்டியதற்கு மட்டும் ஆள் வைப்பது. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுரண்டவும் வர்ணம் அடிக்கவும் ஆள் வைத்துவிட்டு, பலகையைத் தாங்களே ஒட்டுப்போடுவார்கள்.

போன வங்கைப் பிடுங்கி எறிய வேண்டுமென்பதில்லை. அதை ஒட்டியே புது வங்கு ஒன்றைத் துணையாக வைத்து ஆணி அடித்தால் போதும். நாட்டுக்கருவேலின் இயற்கையாக வளைந்த கிளை இதற்கு நல்லது, பூவரசும் ஆகும். நேர்க்கட்டையை அறுத்து வளைவாக்கினால் நார் அறுந்து பலம் போய்விடும். விறகுக்கடையில் வளைந்த கட்டையைத் தேடி ஓடாவி அரைநாள் சுற்றியதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாப்பாவின் கடையில் வளைந்த கட்டையை நாங்கள் கழிவு என்று ஒதுக்கிவைப்போம்.

பலகையில் கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புதுத்துண்டு சேர்க்கலாம். ஆனால் சதுரமாக வெட்டி முட்டவைத்தால் நிற்காது. இரண்டு முனையையும் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். ஒரு அங்குலப் பலகைக்கு எட்டு அங்குலச் சாய்வு என்பது கணக்கு. அடுத்தடுத்த பலகைகளின் இணைப்பு ஒரே இடத்தில் வரக்கூடாது. செங்கல் சுவரில் கொத்தனார் பார்ப்பதேதான். புது மரம் ஈரமாக இருக்கக் கூடாது. மாம்பலகை மலிவு என்பதால் பலர் அதைப் போடுகிறார்கள். நன்றாகக் காய்ந்து எண்ணெய் ஊறியிருந்தால் சில வருடம் வரும், அவ்வளவுதான்.

அடுத்தது கலப்பத்து. பலகைகளுக்கு இடையிலுள்ள சந்தில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசி அடைப்பது. அரபியில் கப்பலின் சந்தை அடைப்பதற்கு 'கல்ஃபத' என்றொரு சொல் இருக்கிறது. மதரஸாவில் அகராதி புரட்டியபோது பார்த்த ஞாபகம். ஓடாவியிடம் சொன்னேன். "உங்க ஆளுக கப்பல்ல வந்தப்ப எங்க ஆளுகதானே பாய் அடச்சுக் கொடுத்தோம்" என்று சிரித்தார்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் படகைக் கெடுத்துவிடுகிறார்கள். கரையில் பல மாதம் காய்ந்த படகில் சந்து அகலமாக இருக்கும். உள்ளே வெளிச்சம்கூடத் தெரியும். பயந்துபோய்ப் பஞ்சை அடித்து அடித்துத் திணிப்பார்கள். படகு தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி விரியும். விரிய இடமில்லாததால் வங்கை உடைக்கும், அல்லது ஆணியைப் பிடுங்கிக்கொண்டு பலகை வெளியே வரும். ஆகவே கலப்பத்துப் பார்க்கும் முன் மூன்று நாலு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். சந்து பாதி மூடிவிடும். மீதிக்குத்தான் பஞ்சு. குங்கிலியம் காய்ச்சுவதை வீட்டுக்குள்ளோ பந்தலுக்குக் கீழோ செய்யாதீர்கள். பொங்கினால் தீப்பிடிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. மரத்துக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் தோலைப் பொசுக்கும். கையில் உறை இல்லாமல் தொட வேண்டாம்.

"மேலே ஃபைபர் ஒட்டிவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்ததே" என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய மரப்படகு ஊறும்போது விரியும், காயும்போது சுருங்கும். மேலே ஒட்டிய ஃபைபர் அப்படி அசையாது. கொஞ்ச நாளில் ஓரத்தில் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் நடுவே புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கும். உள்ளே மரம் வெந்துபோகும், வெளியே பளபளவென்று இருக்கும். வாங்கப் போகும் மரப்படகுக்கு ஃபைபர் சட்டை போட்டிருந்தால், உள்ளே இருப்பதைப் பார்க்க வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன்.

பாய்க்கு உரச்சாக்கையும் தார்ப்பாயையும் தைத்துப் போடுகிறார்கள். மலிவுதான், ஆனால் வெயில் அதைப் பொடியாக்கிவிடும். விரலால் கிள்ளிப் பார்த்தால் மாவாக உதிரும் பாய், நடுக்கடலில் காற்று ஏறும் நேரத்தில்தான் கிழியும். வேலையில்லாத நேரத்தில் சுருட்டி நிழலில் வைத்தால் ஆயுள் கூடும். தைப்பதை வீட்டுப் பெண்களே செய்யலாம். தம்பியின் உம்மா நம் அறக்கட்டளை முன்பு கொடுத்த தையல் மெஷினில்தான் தைத்தார்கள், ஓரங்களை மட்டும் சாக்கு ஊசியால் கையில் போட்டார்கள். மூங்கில் பருமலில் கீறல் இருந்தால் கயிறு சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.

செலவை அப்படியே தருகிறேன். ஓடாவி கூலி 12 நாளுக்கு 13,200. மரம் 9,400. ஆணி 2,300. பஞ்சு, குங்கிலியம், எண்ணெய் 3,100. பாய்த்துணி, நூல், மூங்கில் எல்லாம் சேர்த்து 4,200. கயிறு 1,800. வர்ணம் 1,600. படகை ஏற்றிவந்த வண்டி வாடகை 1,500. மொத்தம் 37,100. படகு விலை 27,000-ஐயும் சேர்த்தால் 64,100. அறக்கட்டளை கொடுத்தது 50,000, மாதம் 2,500 வீதம் இருபது மாதத்தில் திருப்ப வேண்டும். மீதியைத் தம்பி சேமிப்பிலிருந்து போட்டார். நகை எதுவும் அடகுக்குப் போகவில்லை. ஆனால் தொடங்கும்போது நாங்கள் போட்ட பழுதுச் செலவு மதிப்பீடு 28,000 தான். அதற்கு மேல் 9,100 போயிற்று. தார் சுரண்டியபின் நான்காவது வங்கு ஒன்றும் போயிருந்தது தெரிந்ததும், மரம் கூடுதலாக வாங்கியதுமே காரணம். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் திறந்த பின்தான் சில விஷயம் தெரியும். ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் படகின் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கி வைக்க முடியாவிட்டால் அந்தப் படகு நமக்கு எட்டாத படகு.

மேற்படி கணக்கில் வராத இரண்டு பொருள் உண்டு. உயிர்காக்கும் ஜாக்கெட் இரண்டை அறக்கட்டளை தன் பொறுப்பில் வாங்கிக் கொடுத்தது, இனி எல்லாப் படகுக் கடனுக்கும் கொடுக்கும். இன்னொன்று காசில்லாத வேலை. 20 லிட்டர் எண்ணெய் கேன் காலியானதை மூடி இறுக்கி, குறுக்குப் பலகைகளுக்குக் கீழே நாலைந்து கட்டிவிடுங்கள். ஒரு கேன் ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தாங்கும். படகில் தண்ணீர் நிறைந்தாலும் அது அமிழாமல் மிதக்கும், பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம். கவிழ்ந்த படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது என்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தேடி வருகிறவர்களுக்குத் தலை தெரியாது, படகுதான் தெரியும்.

படகைத் தண்ணீரில் விட்ட அன்று நானும் போயிருந்தேன். அரைமணி நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. எனக்கு முதல் மனு ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. ஓடாவி அசையவில்லை. "ஊறட்டும், கயிறு போட்டுக் கரையோரமா கட்டி வைங்க, பாரம் ஏத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார். முதல் நாள் இறைத்தது இருபது வாளி. மறுநாள் ஒன்பது. ஐந்தாம் நாள் காலை பஜ்ருக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அடியில் ஒரு செம்பு தண்ணீர்தான் இருந்தது. அதற்கும் ஒரு வாரம் கழித்தே வலை ஏற்றினார்கள். இப்போது பதினொரு தவணை வந்திருக்கிறது. ஒரு மாதம் காற்று மோசமாக இருந்ததால் தாமதமாயிற்று, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிட்டார்.

இனிமேல் படகுக்கான கடன் மனுவோடு ஓடாவி பார்த்த அறிக்கையும் இருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கான 500 ரூபாய் கூலியை அறக்கட்டளையே தரும், படகு வேண்டாம் என்று முடிவானாலும் தரும். விசாரித்துப் போன இரண்டு சகோதரர்களும் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாமல், வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரவும். சனிக்கிழமை காலை ஓடாவியோடு சேர்ந்து போய் இரண்டு படகையும் பார்த்துவிடலாம்.